வெள்ளி பூசிய கம்பி

அக்கா போன ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் கவிழ்ந்த செய்தி வந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் நின்றுகொண்டிருந்தேன். ஆடி மாதம். மலையில் விடாத சாரல். போனில் பேசியது அக்காவோடு ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பக்கத்துத் தெருப் பெண்.

"டீச்சரு, பதறாதீக. உசுருக்கு ஒண்ணுமில்ல. காலுதான். தேனிக்குக் கொண்டு போறாக."

காலுதான் என்று அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மூச்சு திரும்பி வந்தது. பஸ்ஸில் தேனிக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்காவுக்குக் கல்யாணம் ஆன சில வருடங்களிலேயே அவள் கணவர் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். பிள்ளை இல்லை. எங்கள் ஊரான கம்பத்துக்கே திரும்பி வந்தாள். எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் ஒரு கட்டத்தில் கேட்டு ஓய்ந்தார்கள். அம்மா அப்பா இருவரும் போன பிறகு, ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டும் சமைத்துக்கொண்டும் இருந்தோம். எனக்கு மாதச் சம்பளம் வருகிறது, நீ எதற்கு மலை ஏறுகிறாய் என்று அவளிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

"வீட்டுலயே கெடந்தா எனக்கு மூச்சு முட்டும்டி. அங்கன போனா காத்து, குளிரு, நாலு பொம்பளைகளோட பேச்சு. நீ போய்ப் பாடம் நடத்து, என்னய விடு" என்பாள். விடியும் முன்பே தூக்குவாளியோடு கிளம்பி, ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எல்லை தாண்டிக் கேரளத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அங்கே மேஸ்திரி இவளை மலையாளத்தில் அக்கா என்ற பொருளில் சேச்சி என்று கூப்பிடுவாராம். வீட்டில் நானும் கேலிக்கு அப்படிக் கூப்பிடுவேன்.

அன்று ஜீப் ஒரு வளைவில் பின்னால் வழுக்கிச் சரிவில் சாய்ந்திருக்கிறது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும். அக்காவின் வலது கால் வண்டியின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலைக் கிழித்து, ஈர மண்ணில் குத்தி நின்றிருக்கிறது. தேனி ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது கட்டுக்கு மேலேயும் விரல் இடுக்குகளிலும் மலைமண் அப்பியிருந்தது. அவள் முகம் மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ துடைத்துவிட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்த டாக்டர்கள் நன்றாகவே பார்த்தார்கள். அதை நான் எங்கேயும் சொல்வேன். காயத்தை மறுபடி மறுபடி கழுவினார்கள். முதலில் காலுக்கு வெளியே கம்பிச் சட்டம் மாட்டி எலும்பை நிறுத்தினார்கள். தோல் மூடிய பிறகு எலும்பின் நடுவே ஒரு நீளமான ராடு செலுத்தினார்கள். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வார்டுக்குள் நடந்தாள். மார்கழியில் வீட்டு வாசல் வரை வந்து, கோலம் போடும் என்னை நின்றபடியே திட்டினாள். "புள்ளி வளைஞ்சு போகுது பாரு. டீச்சராம் டீச்சரு." அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தை பிறந்து கொஞ்ச நாளில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தழும்பு ஓரத்தில் சின்னக் கொப்புளம் ஒன்று வந்தது.

"இங்கன பாருடி. கொசு கடிச்சாப்புல இருக்கு" என்றாள்.

கொசு கடிக்கவில்லை. அது உடைந்து நீர் வந்தது. பிறகு நீர் கெட்டியாகிச் சீழாக வந்தது. மாத்திரை சாப்பிட்டாள், மூடிக்கொண்டது. மாத்திரை முடிந்ததும் திறந்துகொண்டது. மறுபடி மாத்திரை, மறுபடி மூடல். தேனி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "உள்ளே ராட்டைச் சுத்திக் கிருமி இருக்கு. மதுரைக்குப் போய்க் காட்டுங்க" என்று ஒரு டாக்டரைச் சொன்னார்.

மதுரைக்குப் போவதற்கு முன்பிருந்த அந்த வாரங்களில் எங்கள் வீடு மாறிப்போனது. சீழுக்கு ஒரு வாடை உண்டு. கட்டு மாற்றிய பிறகும் போகாது. அக்கா ஏலக்காயைத் தட்டி ஒரு துணியில் முடிந்து கட்டில் கம்பத்தில் தொங்கவிட்டாள். இரண்டு வாசமும் சேர்ந்து வீடெல்லாம் நின்றது. அவளைப் பார்க்க வரும் தோட்டத்துப் பெண்களை வாசலிலேயே உட்காரச் சொல்லி, உள்ளே இருந்து சத்தமாகப் பேசினாள். அவர்களும் கொஞ்ச நாளில் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் யாராவது ஏலக்காய் போட்ட டீயை நீட்டினால் வேண்டாம் என்றுவிடுகிறேன்.

மதுரை டாக்டர் என்னைவிட வயதில் சிறியவர். நிதானமாகப் பேசுகிறவர். அக்காவின் காலைத் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், பழைய சீட்டுகளை எல்லாம் படித்தார். பிறகு எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"கிருமிக்கு இரும்புன்னா ரொம்பப் பிடிக்கும்மா. சதையில இருந்தா ரத்தம் வரும், ரத்தத்தோட மருந்து வரும், கிருமி சாகும். ராட்டுக்குள்ள ரத்தம் ஓடாது. கிருமி அதுக்கு மேல போய் ஒட்டிக்கும். ஒட்டினதுக்கு அப்புறம் தன்னைச் சுத்தி ஒரு வழவழப்பை உண்டாக்கி, அதுக்கு அடியில குடியிருக்கும். மருந்து மேலாப்புல கழுவிட்டுப் போயிரும். அடியில இருக்கிறதைத் தொடாது."

அக்கா யோசித்தாள். "வாய்க்கால் படியில பாசி புடிக்குமே, அது மாதிரிங்களா? தண்ணி அது மேலயே போகும், பாசி போகாது."

"அதேதான்" என்றார் டாக்டர்.

"பாசிய கல்லு வச்சுத் தேச்சுத்தான் எடுப்போம்."

"நாங்க கம்பியையே எடுத்துருவோம்."

அந்த முதல் சந்திப்பில்தான் வெள்ளி பற்றி அவர் சொன்னார். பழைய ராட்டை எடுத்துவிட்டு, கிருமிக்கான மருந்து கலந்த ஒரு வகைச் சிமெண்டைப் பூசிய தற்காலிகக் கம்பியைக் கொஞ்ச காலம் உள்ளே வைப்பார்கள். உள்ளே சுத்தமானதும் அதை எடுத்துவிட்டு நிரந்தரமாக வேறொரு ராடு வைப்பார்கள். அந்த நிரந்தர ராட்டின் மேல் வெள்ளி பூசப்பட்டிருக்கும். உடம்பின் ஈரத்தில் வெள்ளி துளித்துளியாகக் கரைந்துகொண்டே இருக்கும், அந்தக் கரைசலில் கிருமி வந்து ஒட்ட முடியாது, ஒட்டினாலும் வழவழப்பைக் கட்ட முடியாது. சாதாரண எலும்பு முறிவுக்கு இதை இங்கே வைப்பது அபூர்வம், பெரும்பாலும் எலும்பில் கட்டி வந்து வெட்டி எடுத்தவர்களுக்குத்தான் வைக்கிறார்கள், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், முயற்சி செய்கிறேன் என்றார்.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர். வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டுக் கறுத்துப்போய், சாப்பிடும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. அந்த வெள்ளி அக்காவின் காலுக்குள் போய் அவளைக் காப்பாற்றும் என்பது, யாரோ எனக்குத் தெரிந்தவரைக் காவலுக்கு அனுப்புவது போல இருந்தது. பள்ளி விட்டு வந்ததும் போனில் அதைப் பற்றியே தேடிப் படித்தேன். எவ்வளவு கரைந்தால் கிருமி சாகும், எவ்வளவு கரைந்தால் எலும்பின் உயிரணுவுக்கும் கேடு, பூச்சு எத்தனை காலம் நிற்கும். பாதி புரிந்தது. புரிந்ததை அக்காவிடம் சொன்னேன்.

அவள் ஒரு சாயங்காலம் பெட்டியைத் திறந்து தன் கல்யாணக் கொலுசை எடுத்தாள். "எதுக்குடி வெளிநாட்டுல போயி வாங்கணும்? இத உருக்கிப் பூசச் சொல்லேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அது அப்படி இல்லை, மருந்து மாதிரி மெல்லிய பூச்சு, அதற்குத் தனி முறை இருக்கிறது என்று விளக்கினேன். அவள் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்தன வருசம் வெளிய போட்டுக் கெடந்தது. உள்ள போட்டிருந்தா ஒதவியிருக்கும்" என்று சொல்லி உள்ளே வைத்தாள்.

சித்திரையில் பழைய ராட்டை எடுத்தார்கள். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் அதை ஒரு தட்டில் வைத்து என்னிடம் காட்டினார். பாசி இருக்கும், கறுத்திருக்கும் என்று ஏதோ எதிர்பார்த்து நின்றேன். பளபளவென்று புதிதாக இருந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

சிமெண்டு பூசிய கம்பி உள்ளே போனது. "வீட்டுச் செவுத்துக்குப் பூச்சு வேலை பாக்கணும்னு அஞ்சாறு வருசமாச் சொல்றேன், செய்யல. எங்காலுக்கு மொதல்ல பூசிட்டாக" என்று நர்சுகளிடம் சொல்லி அக்கா அவர்களைச் சிரிக்கவைத்தாள். அதுதான் அவள் கடைசியாகச் சிரிக்கவைத்தது. அதன் பிறகு ஊசி மருந்து ஆரம்பித்தது. நரம்பு வழியாகத் தினமும் ஏற்றும் மருந்து. வாயில் எதை வைத்தாலும் இரும்பு ருசி என்றாள். காதில் இரைச்சல் கேட்கிறது என்றாள். சிறுநீரகம் தாங்கவில்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. மருந்தைக் குறைத்தார்கள், மாற்றினார்கள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. நான் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு அவளோடு மதுரையிலேயே இருந்தேன். வார்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். அதைப் பார்த்தபடியே படுத்திருப்பாள்.

"மலை எந்தப் பக்கம்டி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

எனக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. மேற்கு எது என்று வெயிலை வைத்துப் பார்த்துக் கையைக் காட்டினேன். அவள் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளி பூசிய ராடு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, கோயிலில் நேர்ந்துகொண்டது நடந்தது போல எனக்கு அழுகை வந்தது. சீல் உடைக்காத உறைக்குள் இருந்ததை எங்களிடம் காட்டினார். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதுவா வெள்ளி? மங்கலா, ஈயம் மாதிரியில்ல இருக்கு."

"மினுக்கத் தேவையில்லம்மா. வேலை செஞ்சா போதும்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க டீச்சர். இது புதுசா வராம தடுக்கத்தான். ஏற்கெனவே உள்ளே இருக்கிறதைக் கொல்ல இதால முடியாது. உள்ளே சுத்தமா இருந்தாத்தான் வைப்பேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். அந்தச் சொல் என் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. ராடு வந்துவிட்டது என்பது மட்டும்தான் ஏறியது.

ஆபரேஷன் அன்று காலை அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் நினைத்ததைவிட மிகச் சீக்கிரம் கதவு திறந்தது. டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார். அவர் நடையிலேயே தெரிந்துவிட்டது.

"வைக்கலைங்க" என்றார்.

சிமெண்டுக் கம்பியை எடுத்துப் பார்த்தபோது எலும்பின் ஒரு நீளம் வெள்ளையாகச் செத்துப் போயிருந்தது. செதுக்கிப் பார்த்தும் ரத்தம் வரவில்லை. அதைச் சுற்றி மறுபடியும் சீழ். எந்த மருந்துக்கும் எளிதில் மடியாத கிருமி என்று பிறகு பரிசோதனையில் தெரிந்தது. இதில் வெள்ளியை வைத்தால் வெள்ளியும் வீண், கால் இன்னும் மோசமாகும் என்றார். நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்.

"முதல்ல தேனியில வெச்சப்பவே வெள்ளி பூசினதா இருந்திருந்தா?"

அவர் சுவரோரமாகச் சாய்ந்து நின்றார். "தெரியாதுங்க. பொய் சொல்ல விரும்பல. அப்படியே மண்ணுல குத்தி நின்ன எலும்பு. வெள்ளி இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். வராமயும் இருந்திருக்கலாம். சாதாரண முறிவுக்கெல்லாம் அதை வைக்கிற காலம் இன்னும் வரல."

இரண்டு வழி சொன்னார். ஒன்று, செத்த எலும்பை வெட்டி எறிந்துவிட்டு, காலைச் சுற்றி வளையங்கள் மாட்டி, மிச்சமிருக்கும் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி வளர்ப்பது. அதற்கு வெகுகாலம் ஆகும், மறுபடி கிருமி வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. இன்னொன்று, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது.

நான் முதல் வழியைத்தான் நினைத்தேன். எலும்பு வளர்ந்த பிறகு, சுத்தமான பிறகு, அந்த வெள்ளி ராட்டை வைக்கலாம் அல்லவா? அக்காவுக்கு மயக்கம் தெளிந்து, வலி அடங்கி, பேசும் நிலை வந்ததும் அதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எடுத்துரச் சொல்லு."

"அக்கா, யோசிச்சுச் சொல்லு. அவசரம் ஒண்ணுமில்ல."

"நான் யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். செவுத்தப் பாத்துக்கிட்டே வேற என்ன செஞ்சேன்னு நெனச்ச?"

"இன்னும் ஒரு வழி இருக்குன்னு டாக்டரே சொல்றாரு. அந்த ராடு வந்து கெடக்கு."

அவள் கண்ணைத் திறந்தாள். "அந்தக் கம்பிய நீ ரொம்ப நம்புற. நம்பு. ஆனா மருந்து ஏத்துறது உன் கையில இல்ல, எங்கையில. காது இரையிறது உனக்கு இல்ல, எனக்கு. எனக்கு இந்தக் காலு வேண்டாம். போதும்டி ஆத்தா, விட்டுரு."

நான் வார்டை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அவள் மேல் அத்தனை கோபம் வந்தது. தோற்றுப்போகிறாள் என்று நினைத்தேன். டாக்டரிடம் போய், அக்கா பயத்தில் பேசுகிறாள், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன். அவர் தானே வந்து அவளிடம் பேசினார். அக்கா அவரிடம் என்னிடம் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னாள். "நீங்க நல்லாத்தான் பாத்தீக. உங்க மேல ஒரு கொறையும் இல்ல. எடுத்துருங்க."

எடுத்தார்கள்.

மதியம் ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காலை எடுத்துட்டுப் போறீகளா? சிலபேரு ஊருல கொண்டுபோய்ப் பொதைப்பாக. இல்லைன்னா நாங்களே பாத்துக்கிருவோம்" என்றார். அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கம்பத்துக்கு அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பேன், எந்த இடத்தில் தோண்டச் சொல்வேன்? நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சில நாள் கழித்துத்தான் கேட்டாள். "அத என்ன செஞ்சாக?"

"ஆஸ்பத்திரியிலயே எரிச்சிருப்பாக."

"அப்ப அதுகளும் வெந்திருக்கும்" என்றாள். கிருமிகளைச் சொல்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

காயம் நன்றாக ஆறியது. சீழ் இல்லை, வாடை இல்லை. காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. ஊருக்கு வந்தோம். என்னோடு அவள் பேசினாள், ஆனால் தேவைக்கு மட்டும் பேசினாள். என் கோபம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் முடிவு சரிதான் என்று அவளுடைய உடம்பு தினமும் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது. செயற்கைக் கால் மாட்டி நடக்கப் பழக வெகுநாள் பிடித்தது. எடுத்த காலின் பாதம் அரிக்கிறது என்று பகலிலேயே சில சமயம் துடிப்பாள். இல்லாத இடத்தை எப்படிச் சொறிவது? நான் கட்டில் விரிப்பை அந்த இடத்தில் அழுத்துவேன். அப்படி அழுத்தினால் கொஞ்சம் அடங்குகிறது என்பாள். உண்மையாகவா, எனக்காகச் சொல்கிறாளா என்று தெரியாது.

தோட்டத்துப் பெண்கள் மறுபடி வர ஆரம்பித்தார்கள். அவர்கள் மலையைப் பற்றிப் பேசும்போது அக்கா பேச்சை மாற்றிவிடுவாள். ஏலக்காய் தரம் பிரிக்கும் கிட்டங்கியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று வந்தது. ஒரு வாரம் போனாள், பிறகு போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாரும் எந்திரிச்சு எடங் குடுக்குறாக" என்றாள்.

போன மாதம் மதுரைக்குப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டர் தழும்பைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். கிளம்பும்போது, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கியவர் போல நின்று சொன்னார். அந்த வெள்ளி ராடு வீணாகவில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் பைக்கில் விழுந்து தொடை முறிந்த ஒரு பையனுக்கு, பழைய ராட்டில் கிருமி பிடித்து, அதை எடுத்துச் சுத்தமான பிறகு, இதை வைக்கலாம் என்று பார்த்தபோது அளவு பொருந்தவில்லையாம். தொடைக்கு வேறு அளவு. பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த இன்னொருவருக்கு வைத்திருக்கிறார்.

"இதுவரைக்கும் நல்லா இருக்கார். நடக்கிறார்" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"எந்த ஊராம்?" என்று அவள் கேட்டாள்.

"தேவதானப்பட்டிப் பக்கம். வர்ற வாரம் செக்கப்புக்கு வர்றார். நீங்க விரும்பினா பார்க்கலாம்."

"சரிங்க" என்று எழுந்தாள். கம்பம் பஸ்ஸில் ஏறி, அவளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, கைத்தடியை என் காலிடுக்கில் வைத்துக்கொண்டேன். உசிலம்பட்டி தாண்டும்போது, வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அந்த ஆளு நல்லாருக்கட்டும். மனசாரத்தான் சொல்றேன். ஆனா போயிப் பாப்போம்னு மட்டும் என்னயக் கூப்புடாத."

கூப்பிடுவதாக நான் நினைக்கவே இல்லை என்று சொன்னேன்.

"நீ நெனச்ச" என்றாள்.

பஸ் கணவாயில் ஏறியது. அவள் சீட்டின் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கைத்தடி நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.